புது வண்டி வாசனை போகப் போகப் போய்விடுமா?

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் கடிதத்தின் சுருக்கத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய கணவரும் கணவரின் அண்ணனும் சேர்ந்து சித்திரையில் ஒரு கேரவன் வாங்கியிருக்கிறார்கள். ஜீப்பின் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் வகை. 16 அடி நீளம், வெளியே ஃபைபர் பாடி, உள்ளே கட்டில்கள், சமையல் மேடை, தலைக்கு மேல் வரிசையாக அலமாரிகள். வெளிமாவட்டப் பட்டறை ஒன்றில் சொல்லிச் செய்தது. 9 லட்சம் ரூபாய். மாமனார் மாமியாரை லாட்ஜ் தேடி அலையவிடாமல் கோயில் கோயிலாகக் கூட்டிப்போக வேண்டும் என்று ஆசை. முதல் பயணமாக ஏலகிரிக்குப் போய் இரண்டு இரவு தங்கினார்கள். கதவைத் திறந்ததுமே கண் எரிந்திருக்கிறது. குளிருக்கும் கொசுவுக்கும் பயந்து எல்லா ஜன்னலையும் மூடிக்கொண்டு படுத்திருக்கிறார்கள். 7 வயது மகளுக்கு ஏற்கெனவே வீசிங் உண்டு. முதல் இரவு இருமல், இரண்டாம் இரவு இளைப்பு. அன்று கரண்ட் போய்விட்டதால் சின்ன ஜெனரேட்டர் ஒன்றை வண்டிக்குப் பின்னால் வைத்து ஓட்டியிருக்கிறார்கள். வெந்நீர் போட்டது உள்ளேயே, கேஸ் அடுப்பில். விடிந்தபோது எல்லோருக்கும் தலைவலி. மாமியார் வாந்தி எடுத்திருக்கிறார்.

மலையிலிருந்து இறங்கியதிலிருந்து வீட்டில் ஆளுக்கொரு யோசனை. மாமனார், “புது வண்டி வாசனை, போகப் போகப் போய்விடும்” என்கிறார். மாமியார் சாம்பிராணி போடுகிறார். கணவர் ஓசோன் மெஷின் வைத்திருக்கும் ஒருவரிடம் விலை பேசியிருக்கிறார். பட்டறைக்காரரோ, “எல்லா கேரவனும் முதலில் இப்படித்தான் இருக்கும்” என்று போனை வைத்துவிட்டார். வாசகி இணையத்தில் படித்துப் பார்த்து, ‘புற்றுநோய்’ என்ற சொல்லைக் கண்டதிலிருந்து தூங்கவில்லை. மகளுக்கு என்ன டெஸ்ட் எடுக்க வேண்டும், வாசனை எப்போது போகும், பணம் திரும்பக் கிடைக்குமா, ஆடி வெள்ளிக்குப் படவேடு போகத் திட்டமிட்டிருக்கிறார்களே, போகலாமா? இவைதான் அவருடைய கேள்விகள்.

சகோதரி, உங்கள் கடிதத்தை ஒரு நுரையீரல் மருத்துவராகப் படித்தேன். நீங்கள் அடிக்கோடிட்டு எழுதியது வாசனையைப் பற்றி. என்னை நிறுத்திய வரி வேறு. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வாசனையே இல்லாத ஆபத்து

ஐந்து பேருக்கும் ஒரே காலையில் தலைவலி, ஒருவருக்கு வாந்தி, முந்தைய இரவு வண்டிக்குப் பின்னால் ஜெனரேட்டர், உள்ளே கேஸ் அடுப்பு, எல்லா ஜன்னலும் மூடல். இதை வைத்து என் மாணவர்களிடம் கேட்டால் பிளைவுட்டைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். கார்பன் மோனாக்சைடு என்பார்கள். எரிபொருள் சரியாக எரியாதபோது வரும் இந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இது உட்கார்ந்துகொள்ளும். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் சின்ன கருவிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, 98 சதவீதம் என்றே காட்டும்.

அன்று நடந்தது அதுதான் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு என்னால் உறுதி சொல்ல முடியாது. சில மணி நேரத்துக்குள் ரத்தம் எடுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இப்போது பார்த்துப் பயனில்லை. காலையில் வெளியே வந்ததும் எல்லோருக்கும் தலைவலி விட்டுவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரி என் சந்தேகத்தைக் கூட்டுகிறது. ஆகவே மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் செய்யுங்கள். ஜெனரேட்டர் வண்டியிலிருந்து 20 அடியாவது தள்ளி, காற்று வண்டியை நோக்கி அடிக்காத பக்கம் இருக்கட்டும். உள்ளே அடுப்பு எரியும்போது ஒரு ஜன்னலும் எக்ஸாஸ்ட் ஃபேனும் கட்டாயம். குளிருக்காக அடுப்பை எரியவிட்டுத் தூங்குவது எந்நாளும் கூடாது. பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை வாங்கிப் படுக்கைப் பக்கம் மாட்டுங்கள். தவிர, கேஸ் அடுப்பிலிருந்து வரும் நைட்ரஜன் டை ஆக்சைடும் வீசிங்கைக் கிளப்பும். மகளின் இளைப்பில் அதற்கும் பங்கு இருக்கலாம்.

எது நாறுகிறது?

சரி, இப்போது வாசனைக்கு வருவோம். நீங்கள் அதை ஒரே வாசனையாக எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் மூன்று இருக்கும்.

தின்னர், பெயின்ட், மைக்கா ஒட்டும் ரப்பர் பசை ஆகியவற்றின் வாசனை தலைக்கு ஏறுகிற மாதிரி இருக்கும். இது கரைப்பான், சீக்கிரம் ஆவியாகிவிடும். நன்றாகக் காற்றாடவிட்டால் சில வாரங்களில் பெருமளவு போய்விடும். உங்கள் மாமனார் சொன்னது இந்த ஒன்றுக்கு முழுக்கச் சரி. அடுத்தது ஃபைபர் பாடியின் ரெசினிலிருந்து வரும் ஸ்டைரீன். லேசான இனிப்பு கலந்த பிளாஸ்டிக் வாசனை. மிகக் குறைந்த அளவிலேயே மூக்குக்குத் தெரிந்துவிடும், அதனால் இருப்பதைவிட அதிகமாகத் தோன்றும்.

மூன்றாவதுதான் கண்ணை எரிப்பது: ஃபார்மால்டிஹைடு. கட்டில், அலமாரி, தடுப்பு எல்லாம் பார்ட்டிகிள் போர்டிலோ எம்டிஎஃப்பிலோ மலிவான பிளைவுட்டிலோ செய்திருந்தால், மரத்தூளையும் மர ஏடுகளையும் ஒட்டவைத்திருப்பது யூரியா ஃபார்மால்டிஹைடு பிசின். பெயின்ட் போல் இது காய்ந்தால் தீர்ந்துபோகிற சமாச்சாரம் அல்ல. வெப்பமும் ஈரமும் படப்பட அந்தப் பிசினே கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து வாயுவை விட்டுக்கொண்டிருக்கும். முதல் சில மாதங்களில் நன்றாகக் குறையும், ஆனால் மிச்சம் ஓரிரு வருடம்கூட இழுக்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் வெளிவரும் அளவு இரண்டு மடங்கோ அதற்கு மேலோ ஆகும்.

வேலூரை ‘வெயிலூர்’ என்று கேலி பேசும் நமக்கு இது முக்கியமான கணக்கு. அக்னி நட்சத்திரத்தில் வெளியே 40-ஐத் தாண்டும்போது பூட்டிய வண்டிக்குள் 50-ஐத் தாண்டும். வீடும் புதுசாக இருந்தால் இதே பிளைவுட்தானே என்று உங்கள் கணவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. வீட்டில் பெரிய அறைக்கு ஒரு பீரோ. கேரவனில் பீரோவுக்குள்தான் நீங்கள் தூங்குகிறீர்கள். காற்று கொஞ்சம், பலகை நிறைய.

இது அமெரிக்காவில் பெரிய அளவில் நடந்து முடிந்த கதை. 2005-இல் கட்ரீனா புயலில் வீடிழந்தவர்களுக்கு அரசாங்கம் இதுபோன்ற டிரெய்லர்களைக் கொடுத்தது. கண் எரிச்சல், இருமல், குழந்தைகளுக்கு இளைப்பு என்று புகார்கள் குவிந்தன. அங்குள்ள நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2007 டிசம்பரிலும் 2008 ஜனவரியிலும் 519 வண்டிகளில் அளந்து பார்த்தது. சராசரி நூறு கோடிக்கு 77 பங்கு, மிக மோசமான வண்டியில் 590. வீட்டுக்குள் அரைமணி நேரச் சராசரிக்கு உலக சுகாதார அமைப்பு சொல்லும் வரம்பு ஒரு கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராம், அதாவது நூறு கோடிக்கு சுமார் 80 பங்கு. அவர்கள் அளந்தது குளிர்காலத்தில் என்பதைக் கவனியுங்கள். கோடை வருவதற்குள் மக்களை வெளியேற்ற வேண்டும் என்று அவசரப்பட்டதும் அதனால்தான். பிறகு 2010-இல் பலகைகளிலிருந்து எவ்வளவு வரலாம் என்று தனிச் சட்டமே போட்டார்கள். அதனால் “எல்லா கேரவனும் இப்படித்தான்” என்ற உங்கள் பட்டறைக்காரரின் பதிலை நான் ஏற்கவில்லை. மலிவான பலகையில் கட்டினால் எல்லாம் இப்படித்தான்.

மூக்கு நல்ல சாட்சி அல்ல

“அரை மணி நேரம் உட்கார்ந்தேன், இப்போது வாசனையே இல்லை” என்று மாமியார் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். முதலாண்டு எம்பிபிஎஸ்ஸில் உடற்கூறு அறைக்குள் நுழைந்த நாளில் ஃபார்மலின் (தண்ணீரில் கரைத்த ஃபார்மால்டிஹைடுதான்) பட்டு எனக்குக் கண்ணீர் வழிந்தது. ஒரு மாதத்தில் அதே அறையில் நின்றுகொண்டு மத்தியானம் கேன்டீனில் என்ன இருக்கும் என்று பேசிக்கொண்டிருந்தோம். ஃபார்மலின் குறையவில்லை, மூக்குதான் கைவிட்டுவிட்டது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வெளியூர் விருந்தாளி தோல் பதனிடும் டேனரிப் பக்கம் மூக்கைப் பொத்தும்போது, “என்ன நாத்தம்?” என்று கேட்பவர்கள் நாம்.

வீட்டில் சோதிக்க ஒரு வழி உண்டு. காலையிலிருந்து வண்டியைப் பூட்டி வைத்து, மத்தியானம் மூன்று மணிக்கு, அன்று வண்டிப் பக்கமே வராத ஒருவரைக் கதவைத் திறக்கச் சொல்லுங்கள். முதல் மூச்சில் அவர் சொல்வதுதான் கணக்கு. ஆன்லைனில் விற்கும் மலிவான ஃபார்மால்டிஹைடு மீட்டர்களை நம்ப வேண்டாம். சென்ட்டுக்கும் சானிடைசருக்கும்கூட அவை எகிறும். உண்மையான எண் வேண்டுமானால் என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்குத் தரச்சான்று தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் வண்டிக்குள் காற்றை மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். முன்தின இரவு மூடிவைத்த நிலையில், நீங்கள் உண்மையில் தூங்கும் வெப்பத்தில் எடுக்கச் சொல்லுங்கள். எல்லா ஜன்னலையும் திறந்துபோட்டு எடுத்த மாதிரி பட்டறைக்காரருக்குத்தான் உதவும்.

புற்றுநோய் பயமும் ரத்தப் பரிசோதனையும்

நீங்கள் படித்தது பொய் இல்லை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் ஃபார்மால்டிஹைடைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. ஆனால் அந்தப் பிரிவு சொல்வது ‘இது புற்றுநோயை உண்டாக்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் உண்டு’ என்பதை மட்டுமே. எவ்வளவு, எத்தனை நாள் என்பதை அது சொல்லாது. ஆதாரம் வந்தது, தொழிற்சாலையிலும் பிணவறையிலும் வருடக் கணக்கில் சுவாசித்தவர்களிடமிருந்து. ஏலகிரியில் இரண்டு இரவு தூங்கியதற்காக உங்கள் மகளின் எதிர்காலத்தை எண்ணி விழித்திருக்க வேண்டாம். தூங்குங்கள்.

வேலூரில் டெஸ்ட் எடுக்க இடத்துக்குப் பஞ்சமில்லை, அதனாலேயே சொல்கிறேன்: ‘நச்சுப் பொருள் பேக்கேஜ்’ என்று யாராவது ரத்தம் எடுக்கச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஃபார்மால்டிஹைடை நம் உடலே தயாரிக்கிறது, ரத்தத்தில் சில நிமிடங்களில் உடைந்தும் போகிறது. எந்த எண் வந்தாலும் அதற்கு அர்த்தமில்லை.

மகளுக்கு வேண்டியது வேறு. வீசிங்குக்குப் பார்க்கும் மருத்துவரிடம் கூட்டிப்போய், அந்த இரண்டு இரவையும் அப்படியே சொல்லுங்கள். தினசரி இன்ஹேலர் தேவைப்படும் கட்டத்தில் இருக்கிறாளா என்று அவர் முடிவு செய்யட்டும். அவசர இன்ஹேலரும் அதோடு மாட்டும் ஸ்பேசர் குழாயும் எந்தப் பயணத்திலும் கைப்பையில் இருக்க வேண்டும். இன்ஹேலர் போட்டால் பழகிவிடும் என்று மாமியார் பயப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள், பழகாது. பேச்சு பாதியில் நின்றால், விலா எலும்புகளுக்கு இடையே சதை உள்வாங்கினால், உதடு நீலம் பாரித்தால் வண்டியையும் வாசனையையும் விட்டுவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

வண்டியை என்ன செய்வது

வெயில் இந்தக் கதையில் வில்லன்தான். ஆனால் அதையே வேலைக்காரனாகவும் வைத்துக்கொள்ளலாம். இப்போது நீங்கள் வண்டியைப் பூட்டி வெயிலில் நிறுத்தியிருக்கிறீர்கள், “வெந்து போகட்டும்” என்று. பூட்டி வைத்தால் வெளிவந்த வாயு போக இடமில்லாமல் மெத்தையிலும் திரையிலும் போய் ஒட்டிக்கொண்டு, பிறகு அங்கிருந்து வரும். வெயில் வேண்டும், கூடவே திறப்பும் வேண்டும்.

முதலில் மெத்தை, குஷன், திரை எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். துணியைத் துவையுங்கள், ஃபோமை மாடியில் நிழலில் காற்றாடப் போடுங்கள். பிறகு காலையில் எல்லா ஜன்னல், கூரைத் திறப்பு, அலமாரிக் கதவு, இழுப்பறை எல்லாவற்றையும் திறந்து, ஒரு முனையில் ஃபேனை வெளிப்பக்கம் ஊதும்படி வையுங்கள், எதிர்முனை ஜன்னல் திறந்திருக்கட்டும். மாலை வரை ஓடட்டும். அந்த நேரத்தில் பிள்ளைகள் உள்ளே விளையாடக் கூடாது. மழை நாளில் மூடிவிடுங்கள், ஈரம் இதற்கு எதிரி. ஒரு மாதம் இப்படிச் செய்தால் தின்னர் வாசனை கிட்டத்தட்ட போயிருக்கும். கண் எரிச்சல் எவ்வளவு மிச்சம் என்று அப்போதுதான் நியாயமாகத் தெரியும்.

அதற்கப்புறம் ஆசாரியைக் கூப்பிடுங்கள். மைக்கா ஒட்டிய பக்கத்திலிருந்து அதிகம் வராது. கட்டிலுக்கு அடியில், இழுப்பறையின் பின்பக்கம், ஸ்க்ரூ ஓட்டை, வெட்டிய விளிம்பு என்று கண்ணில் படாத இடங்களில் பலகை அம்மணமாக இருக்கும். வாயு அங்கிருந்துதான் வருகிறது. விளிம்புக்கு எட்ஜ் பேண்டிங் (விளிம்பை மூடி ஒட்டும் பட்டை), மற்ற இடத்துக்குப் பலகையின் துளைகளை அடைக்கும், தண்ணீரில் கரையும் வகை சீலர் இரண்டு மூன்று கோட்டிங். கட்டிலின் அடிப்பலகை பார்ட்டிகிள் போர்டாக இருந்தால் அதைக் கழற்றி எறிந்துவிட்டு மரைன் பிளைவுட் போடுவதே என் விருப்பம். முகம் வைத்துத் தூங்கும் இடம் அது. மரைன் வகையில் ஃபீனால் பிசின். அதிலிருந்து ஃபார்மால்டிஹைடு வெகு குறைவாகவே வரும். பலகையில் மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண்ணான ஐஎஸ் 710 முத்திரை இருக்கிறதா பாருங்கள்.

பயணத்தின்போது ஏசி போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். ஏசி உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிராக்குகிறது. எதிரெதிரே இரண்டு ஜன்னலுக்குக் கொசுவலை அடித்து இரவில் திறந்துவையுங்கள். ஏலகிரிக் குளிருக்குப் போர்வை போதும்.

சாம்பிராணி, ஓசோன், மணி பிளான்ட்

மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை வீட்டில் சாம்பிராணி போடுவதில் எனக்குச் சண்டையில்லை. வண்டிக்குள் மட்டும் வேண்டாம்: புகையில் நுண்துகளும் உண்டு, ஃபார்மால்டிஹைடே கொஞ்சம் உண்டு. ஊதுபத்தி, கற்பூரம், ஏர் ஃப்ரெஷ்னர் எல்லாம் இதே கணக்கு. வெங்காயம் வெட்டி வைத்தால் வெங்காய வாசனை வரும். கரித்துண்டு, சாதாரண ஆக்டிவேட்டட் கார்பன் பை ஆகியவை தின்னர் வகையை ஓரளவு பிடிக்கும், ஃபார்மால்டிஹைடைச் சரியாகப் பிடிக்காது. ஏர் பியூரிஃபையரின் ஹெபா ஃபில்டர் தூசிக்கானது, வாயுவுக்கு அல்ல. மணி பிளான்ட்டைப் பொறுத்தவரை, மூடிய சிறு பெட்டியில் வைத்துச் செய்த சோதனையை அறைக்குப் பொருத்திப் பார்த்தால் ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடி வேண்டியிருக்கும். அப்புறம் நீங்கள் எங்கே படுப்பீர்கள்?

ஓசோன்காரருக்கு முன்பணம் கொடுக்காமல் இருந்தால் நல்லது. ஓசோனே நுரையீரலை எரிக்கும் வாயு. பலகை, பெயின்ட் ஆகியவற்றில் உள்ள சில பொருள்களோடு சேர்ந்து அது புதிதாக ஃபார்மால்டிஹைடை உண்டாக்கவும் செய்யும். வீசிங் உள்ள குழந்தையின் வண்டியில் அது வேண்டாம்.

பட்டறைக்காரரும் பணமும்

சட்டம் என் துறை இல்லை. வேலூர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராக இருக்கும் நண்பரிடம் கேட்டு எழுதுகிறேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். பட்டறை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. குறை தெரிந்ததிலிருந்து 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். 9 லட்சத்துக்குக் கட்டணம் 200 ரூபாய். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். ஆனால் கடிதத்தின் ஓரத்தில், சீசனில் வாடகைக்கும் விடும் எண்ணம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ‘வணிக நோக்கத்துக்காக வாங்கியது’ என்று எதிர்த்தரப்பு வாதாட அது வழிவிடும், வழக்கறிஞரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. நான் மேலே சொன்னபடி ஆசாரி வந்து சீல் அடித்துப் பலகையை மாற்றிவிட்டால் ஆதாரமும் போய்விடும். ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கச் சொல்லலாம். அப்போது பழைய நிலை இருக்காது. எனவே வழக்கு வேண்டுமா, வண்டி வேண்டுமா என்பதை முதலில் வீட்டில் பேசி முடிவெடுங்கள். காற்றாடவிடுவதை இன்றே தொடங்கலாம், ஆனால் ஆய்வக மாதிரியை அதற்கு முன்பே எடுத்துவிடுவது உத்தமம். பலகையின் முத்திரை, விளிம்பு, பில், போனில் பேசிய தேதி எல்லாவற்றையும் படமெடுத்துக் குறித்துவைத்துவிட்டு, பட்டறைக்கு எழுத்தில் ஒரு கடிதம் அனுப்புங்கள்: என்ன பலகை, என்ன பசை, கட்டில் பலகைகளை உங்கள் செலவில் மாற்றித் தருவீர்களா என்று. என் அபிப்பிராயம் கேட்டால், பலகையை மாற்றித் தர அவர் சம்மதித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பணம் முழுக்கத் திரும்ப வருவதற்குள் உங்கள் மகள் ஹைஸ்கூல் போய்விடக்கூடும்.

ஆடி வெள்ளிக்கு

படவேட்டுக்குத் தாராளமாகப் போய் வாருங்கள். வண்டியையும் கொண்டுபோங்கள், பகலில் கதவு ஜன்னல் திறந்துவைத்து மாமியார் கால் நீட்டிக்கொள்ளவும், வாசலில் பாய் விரித்துச் சாப்பிடவும் அது நன்றாகவே உதவும். இரவு மட்டும் மகள் அதில் படுக்க வேண்டாம், இந்த வருடம் முழுக்க. ரேணுகாம்பாளைக் கும்பிட்டுவிட்டு அன்றிரவே வீடு திரும்பலாம், அல்லது அவளும் நீங்களும் அறை எடுத்துத் தங்கலாம். மாமனார் வருத்தப்படுவார் என்று எழுதியிருந்தீர்கள். டாக்டர்தான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் என்று சொல்லுங்கள், கோபம் என் மேல் வரட்டும்.